ஆறு ஃபோட்டோ, 54 வருஷம்: ஜானி பிரைட்டின் கதை

இந்த வாரம் ஸ்போர்ட்ஸ் எபிசோட். 1950-கள்ல கனடாவுல ஃபுட்பால் ஆடின ஒருத்தரோட வாழ்க்கையைப் பாக்கப்போறோம். பேரு ஜானி பிரைட்.

ஏன் இவரு? நம்ம தலைமுறைக்கு ஒரு நம்பிக்கை இருக்கு. ஒரு அநியாயம் நடக்குது, அதை யாராவது ஃபோன்ல வீடியோ எடுத்துட்டாங்கன்னா போதும், நியாயம் தானா கிடைச்சிடும்னு நினைக்கிறோம். ஜானி பிரைட்டுக்கு நடந்தது கேமராவில் பதிவாச்சு. 1951-லேயே, வரிசையா ஆறு ஃபோட்டோ. அந்த ஃபோட்டோக்களுக்கு அமெரிக்காவோட பெரிய பத்திரிகை விருதும் கிடைச்சது. அடி வாங்கினவருக்கு என்ன கிடைச்சது? அவர் அதுக்காகக் காத்திருந்தாரா? இதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல, இது எந்த ஃபுட்பால்?

நம்ம ஊர்ல ஃபுட்பால்னா காலால ஆடுறது. நான் சொல்றது பந்தைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம். அமெரிக்கன் ஃபுட்பாலோட சொந்தக்காரன்னு சொல்லலாம், ஆனா கனடாவுக்குத் தனி விதிகள் உண்டு. அமெரிக்காவில் ஒரு அணிக்கு 11 பேர், கனடாவில் 12 பேர். அங்கே மைதானம் 100 யார்டு, இங்கே 110 யார்டு. பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக அமெரிக்காவில் நாலு வாய்ப்பு, கனடாவில் மூணுதான்.

இதுல ஃபுல்பேக்னு ஒரு பொசிஷன். பந்தை வாங்கி, எதிரணி ஆட்கள் மேலே விழ விழ, இடிச்சுக்கிட்டு முன்னே ஓடணும். கபடியில பிடிபட்ட ஆள் கையை நீட்டிக் கோட்டைத் தொடப் பாப்பாரே, கிட்டத்தட்ட அதே போராட்டம். இப்படி ஓடிச் சேர்க்கிற தூரத்துக்கு ரஷ்ஷிங் யார்ட்ஸ்னு பேரு. ஜானி பிரைட் கனடாவில் ஆடி முடிக்கும்போது அவர் கணக்கில் இருந்தது 10,909 யார்டு. மெட்ரிக்ல கிட்டத்தட்ட பத்து கிலோமீட்டர். நாம காலையில ஜாகிங் போற பத்து கிலோமீட்டர் இல்லைங்க, ஒவ்வொரு அடிக்கும் யாராவது தடுத்து வீழ்த்தப் பாக்குற பத்து கிலோமீட்டர்.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

அயோவாவில் ஒரு நட்சத்திரம்

ஜானி பிரைட் 1930 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஃபோர்ட் வேன் நகரில் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். ஐந்து சகோதரர்களில் ஒருவர். கல்லூரிக்கு அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் இருக்கும் டிரேக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருக்குக் கிடைத்தது தடகள ஸ்காலர்ஷிப். ஃபுட்பால் பிறகு சேர்ந்துகொண்டது.

சேர்ந்ததும் என்ன ஆச்சுன்னா, 1949-ல், இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்கும்போதே, ஓடியும் பந்தை வீசியும் சேர்த்த மொத்த யார்டில் அமெரிக்கக் கல்லூரி வீரர்களிலேயே முதலிடம். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல் முறை. அடுத்த வருஷம் 2,400 யார்டு எடுத்து, அதையும் தாண்டினார். 1951-ல் ஹைஸ்மன் கோப்பைக்கு, அதாவது நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான விருதுக்கு, அவர் பெயரும் பேசப்பட்டது.

இங்கே ஒரு பின்னணி தெரிஞ்சுக்கணும். அன்றைய அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி. ஓக்லஹோமாவிலும் அப்படித்தான். அங்கே ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் இருந்த ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியும் டிரேக்கும் ஒரே போட்டி அமைப்பில், மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில், இருந்தன. 1949-ல் பிரைட் அந்த ஊர் மைதானத்தில் ஆடினார். அங்கே ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர்தான். அன்று அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

1951 அக்டோபர் 20. மறுபடியும் ஸ்டில்வாட்டர். டிரேக் அந்த சீசனில் ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் ஜெயித்திருந்தது. இந்த முறை ஊருக்குள் பேச்சு வேற மாதிரி இருந்தது. பிரைட் கடைசி வரை ஆட்டத்தில் இருக்கமாட்டார் என்ற பேச்சு மாணவர்களிடையே வெளிப்படையாகவே ஓடியது. உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் அது வந்தது.

ஏழு நிமிஷம்

டெமாய்ன் ரெஜிஸ்டர் பத்திரிகையின் இரண்டு புகைப்படக்காரர்கள் டான் அல்டாங், ஜான் ராபின்சன். அந்தப் பேச்சு அவர்கள் காதுக்கும் வந்தது. அச்சு நேரத்துக்குள் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்கிறதால முழு ஆட்டமும் இருக்க முடியாது. அதனால ஆரம்பத்தில் கேமராவைப் பிரைட் மேலேயே வைத்திருப்பதுன்னு முடிவு பண்ணினாங்க.

ஆட்டம் தொடங்கி முதல் ஏழு நிமிஷத்துக்குள் பிரைட் மூன்று முறை நினைவிழந்து விழுந்தார். மூன்று முறையும் அவரை அடித்தது எதிரணியின் வில்பேங்க்ஸ் ஸ்மித். ஒரு அடியில் தாடை உடைந்தது. அதுக்கு அப்புறமும் எழுந்து நின்னு, 61 யார்டு தூரத்துக்கு ஒரு டச்டவுன் பாஸ் கொடுத்துட்டுத்தான் அவர் வெளியே போனார். டிரேக் 27-14 என்று தோற்றது.

ஃபோட்டோவில் என்ன இருந்தது? இதைக் கவனமாக் கேளுங்க. பிரைட் பந்தைச் சக வீரரிடம் கொடுத்துவிட்டார். ஆட்டம் அந்தப் பந்தோடு வேற பக்கம் போய்விட்டது. பிரைட் பின்னால், கையில் பந்தில்லாமல் நிற்கிறார். அந்த நேரத்தில் ஸ்மித் நேராக அவரிடம் வந்து தாடையில் அடிக்கிறார். ஒரே ஒரு படம் இருந்திருந்தா, வேகத்தில் பட்டுவிட்டது, தெரியாம இடிச்சதுன்னு சொல்லிடலாம். வரிசையா ஆறு படம் இருக்கும்போது பந்து எங்கே, பிரைட் எங்கே, ஸ்மித் எங்கே என்பது வினாடி வாரியாகத் தெரியுது. நம்ம ஃபீல்டுல சர்வர் லாக்ல டைம்ஸ்டாம்ப் இருக்கிற மாதிரி. எது முன்னாடி நடந்தது, எது பின்னாடி நடந்ததுங்கிறதுல வாதமே இல்லை.

படங்கள் ரெஜிஸ்டரில் வந்தன. லைஃப் இதழ் வெளியிட்டது. நாடு முழுக்கப் பரவியது. 1952-ல் அல்டாங், ராபின்சன் இருவருக்கும் புலிட்சர் விருது கிடைத்தது.

இப்ப நடவடிக்கைக்கு வருவோம். அந்தக் கல்லூரி ஸ்மித் மேல எந்த நடவடிக்கையும் எடுக்கலை. கான்ஃபரன்ஸும் எடுக்கலை. அதில் நிறம் ஒரு காரணமே இல்லைன்னு ஸ்மித் பின்னாளில் சொன்னார். பல வருஷம் கழிச்சு பிரைட்டிடம் கேட்டபோது, நிறவெறி இல்லாமல் அது நடந்திருக்க வாய்ப்பே இல்லைன்னு அவர் தெளிவாகச் சொன்னார்.

எல்லாரும் சும்மா இருந்தாங்கன்னு சொல்ல முடியாது. டிரேக் அந்தக் கான்ஃபரன்ஸை விட்டே வெளியேறியது. டிரேக்குக்கு ஆதரவாக பிராட்லி பல்கலைக்கழகமும் வெளியேறியது. முறைகேடாகத் தாக்குவது பற்றிய கல்லூரி ஃபுட்பால் விதிகள் இறுகின. முகத்துக்குக் காப்பு உள்ள ஹெல்மெட் கட்டாயமானது. ஆக, சிஸ்டத்தில் சில ஃபிக்ஸ் வந்தது. அடிபட்டவரிடம் மன்னிப்புக் கேட்கணும்னு மட்டும் சம்பந்தப்பட்ட யாருக்கும் தோணலை.

வடக்கே போகிறார்

தாடை உடைந்ததால் சீசனின் மீதி ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை பிரைட் இழந்தார். அப்படியும் ஹைஸ்மன் வாக்கெடுப்பில் ஐந்தாவது இடம். 1952 என்.எஃப்.எல். டிராஃப்டில் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி முதல் சுற்றிலேயே, மொத்தத்தில் ஐந்தாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. போயிருந்தால் அந்த அணியின் முதல் கறுப்பின வீரராக இருந்திருப்பார்.

அவர் போகவில்லை. காரணத்தைப் பின்னால் சொன்னார்: அணிக்குத் தென்மாநிலங்களிலிருந்து நிறைய வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களோடு தன்னை எப்படி நடத்துவார்கள் என்பது தெரியவில்லை. யோசிச்சுப் பாருங்க. 22 வயசு. எந்த விளையாட்டு வீரனும் கனவு காணும் வேலை கையில் இருக்கு. ஆனா தன் பக்கத்தில் நிற்கப்போறவன் தன்னைக் காப்பாத்துவானா, அடிப்பானான்னு தெரியலை. இந்த ஆட்டத்தில் உன் முன்னால் ஓடித் தடுக்கிற சக வீரனை நம்பித்தான் நீ ஓடணும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் சம்பளம் எவ்வளவு இருந்து என்ன?

கனடாவுக்குப் போனார். ஆல்பர்ட்டா மாகாணத்தில் கால்கரி ஸ்டாம்பீடர்ஸ் அணி. முதல் வருஷமே 815 யார்டு ஓடி, மேற்குப் பிரிவில் முதலிடம். அடுத்த இரண்டு வருஷம் காயங்களோடு போனது. 1954 சீசன் நடுவில் கால்கரி அவரை எட்மன்டன் அணிக்குக் கொடுத்துவிட்டது.

எட்மன்டன் அணியைப் பத்தி ஒரு சின்னக் குறிப்பு. இன்னைக்கு அதன் பேரு எல்க்ஸ். பிரைட் ஆடின காலத்தில் ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களை வெளியாட்கள் குறிப்பிட்ட ஒரு பழைய பெயர் இருந்தது. அந்த மக்கள் விரும்பாத பெயர் என்பதால் அணி அதைக் கைவிட்டு, 2021-ல் எல்க்ஸ் ஆனது.

கனடா சொர்க்கமா?

இந்த இடத்தில் கதையை, அமெரிக்கா கெட்டது, கனடா நல்லதுன்னு முடிச்சிடலாம். ஈஸியா இருக்கும். ஆனா அது உண்மையாக இருக்காது.

பிரைட் வருவதற்கு 40 வருஷம் முன்னாலேயே ஓக்லஹோமாவிலிருந்து ஆல்பர்ட்டாவுக்குக் கறுப்பினக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. 1907-ல் ஓக்லஹோமா தனி மாநிலமானதும் அதன் சட்டமன்றம் இயற்றிய முதல் சட்டங்களிலேயே இனப் பிரிவினை இருந்தது. அதிலிருந்து தப்பித்து வடக்கே வந்தவர்கள் எட்மன்டனுக்கு வடக்கே ஆம்பர் வேலி போன்ற குடியிருப்புகளை உண்டாக்கினார்கள். எட்மன்டனில் அவர்கள் வருகையை எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். 1911-ல் கனடா அரசு கறுப்பினத்தவர் குடியேற்றத்தை ஒரு வருஷம் தடுக்கும் உத்தரவையே தயார் செய்தது. கனடாவின் தட்பவெப்பம் அவர்களுக்குப் பொருந்தாது என்பது அதில் சொல்லப்பட்ட காரணம்! உத்தரவு நடைமுறைக்கு வரவில்லை, ஆனாலும் கையெழுத்தானது.

இன்னொரு உதாரணம் பிரைட்டின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. எட்மன்டன் அணியில் அவரோடு ஆடிய இன்னொரு ஃபுல்பேக் நார்மி குவாங். கால்கரியில் பிறந்தவர், சீனாவிலிருந்து குடியேறியவர்களின் மகன். சீனர்கள் கனடாவுக்குள் நுழைய 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி கட்டவேண்டும். 1923 முதல் 1947 வரை சீனர் குடியேற்றத்தையே சட்டம் கிட்டத்தட்ட மொத்தமாக நிறுத்தியது. குவாங் கால்கரி அணியில் ஆடத் தொடங்கியது 1948-ல், அந்தச் சட்டம் ரத்தான அடுத்த வருஷம்.

தன் ஊரில் தாடை உடைக்கப்பட்ட ஒருத்தர், பிறந்த நாட்டிலேயே அந்நியராக நடத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருத்தர், இவங்களோட டென்னசியில் பிறந்து வந்த ஜாக்கி பார்க்கர்னு ஒரு வெள்ளையர். இந்த மூணு பேரும் சேர்ந்த அணி 1954, 1955, 1956 மூணு வருஷமும் தொடர்ந்து கிரே கப் ஜெயித்தது. கிரே கப்புன்னா கனடா ஃபுட்பாலின் உச்சக் கோப்பை. மூணு முறையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது மான்ட்ரியால் அலூயட்ஸ்.

1956 இறுதி ஆட்டத்தில் பிரைட் மட்டும் 171 யார்டு ஓடினார். ஒரு கிரே கப் ஆட்டத்தில் அதுதான் அதிகம். அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது 2013-ல். 57 வருஷம் நின்ன ரெக்கார்டு அது.

பகலில் வாத்தியார்

1957-ல் 1,679 யார்டு, 1958-ல் 1,722 யார்டு. தொடர்ந்து ஐந்து சீசன் ஆயிரத்தைத் தாண்டினார். 1959-ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. அதை வாங்கிய முதல் கறுப்பின வீரர் அவர். தொடர்ந்து 197 ஆட்டங்களில் ஆடியிருக்கிறார். இடிபட்டே ஓடவேண்டிய ஒரு பொசிஷனில் இப்படி விடாம ஆடுறதுங்கிறது எனக்கு யார்டு கணக்கைவிடப் பெரிய விஷயமாப் படுது.

என்.எஃப்.எல். அணிகள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டன. அவர் மறுத்தார். இந்தத் தடவை காரணம் வேற. டிரேக்கில் அவர் படித்தது கல்வியியல். 1950-களில் ஃபுட்பால் சம்பளம் மட்டும் வைத்து வருஷம் ஓட்ட முடியாது, நிறைய வீரர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கும். பிரைட் எட்மன்டனில் ஆசிரியர் வேலையில் சேர்ந்தார். குடும்பம் அங்கே வேர் விட்டது. அதை விட்டுப் போக அவருக்கு மனசும் இல்லை, அவசியமும் இல்லை. 1962-ல் கனடாவின் குடிமகனானார்.

1964-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. 1970-ல் கனடா ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. ஆசிரியர், பயிற்சியாளர், பிறகு எட்மன்டனின் டி.எஸ். மெக்கன்சி, ஹில்கிரெஸ்ட் ஆகிய நடுநிலைப் பள்ளிகளின் முதல்வர். 1983 டிசம்பர் 14 அன்று முழங்கால் அறுவை சிகிச்சையின்போது மாரடைப்பு வந்து இறந்தார். வயது 53.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. இணையத்தில் அவர் பெயரைத் தேடினா முதல்ல வருவது அந்த ஆறு ஃபோட்டோதான். ஏழு நிமிஷ விஷயம். கனடாவில் அவர் வாழ்ந்தது 31 வருஷம். அதில் பெரும்பகுதி வகுப்பறையிலும் பள்ளி மைதானத்திலும் போனது. அங்கே ஃபோட்டோ எடுக்க யாரும் கேமராவோடு காத்திருக்கவில்லை.

கடிதம்

ஓக்லஹோமா ஏ அண்ட் எம் 1957-லேயே ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம்னு பேரு மாத்திக்கிட்டது. 2005 செப்டம்பர் 28-ல்தான் அதன் தலைவர் டேவிட் ஷ்மிட்லி டிரேக் பல்கலைக்கழகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். சம்பவம் நடந்து 54 வருஷம். பிரைட் இறந்து 22 வருஷம். அதே 2005-ல், ஒருகாலத்தில் சீனர்களை வாசலில் நிறுத்தின நாட்டில், அவருடைய பழைய கூட்டாளி நார்மி குவாங் ஆல்பர்ட்டாவின் லெஃப்டினன்ட் கவர்னராகப் பதவியேற்றிருந்தார். மாகாணச் சட்டங்களுக்கு ஒப்புதல் கொடுக்கிற பதவி அது.

ஃபோட்டோ பொய்யாகிடுச்சா? இல்லை. அந்த ஆறு படமும் இல்லைன்னா, விதிகள் அவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காது. 2005-ல் மன்னிப்புக் கேட்கவும் யாருக்கும் நினைவு இருந்திருக்காது. மறக்கவிடாமல் வைத்திருப்பது ஆதாரம் செய்யும் வேலை. தண்டிப்பதும் மன்னிப்புக் கேட்பதும் பதவியில் இருக்கிற மனுஷங்க செய்யவேண்டிய வேலை. முதல் வேலை ஒரே வாரத்தில் முடிஞ்சது. இரண்டாவதுக்கு அரை நூற்றாண்டு ஆச்சு. நாம எதையாவது படம் எடுத்து அப்லோட் பண்ணும்போது, நம்ம பங்கு அத்தோட முடிஞ்சதுன்னு நினைக்கக்கூடாது. அதுக்கு அப்புறம் யார் பதில் சொல்லணும்னு கேட்டுக்கிட்டே இருக்கணும். 1951-ல் டிரேக்கும் பிராட்லியும் வெளியேறின மாதிரி, ஏதாவது விலை கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

அடிபட்டவர் அந்தப் பதிலுக்காகத் தன் வாழ்க்கையை நிறுத்தி வைக்கவேண்டிய அவசியமில்லை. பிரைட் நிறுத்தி வைக்கலை. அதே சமயம், அது நிறவெறிதான்னு சொல்றதையும் அவர் விடலை. ரெண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும்கிறதுதான் இவர் வாழ்க்கையில் நான் எடுத்துக்கிட்டது.

2006-ல் டிரேக் தன் ஃபுட்பால் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2010-ல் எட்மன்டனில் ஒரு புதுப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதன் பெயர் ஜானி பிரைட் பள்ளி. மைதானத்தைவிட இந்தப் பேருதான் அவருக்கு ரொம்பப் பொருத்தம்னு எனக்குத் தோணுது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் முதல்ல ஒரு ஹெட்மாஸ்டர், அப்புறம்தான் ஃபோட்டோவில் இருக்கிறவர்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, ஸ்போர்ட்ஸே பாக்காத ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.